மஹ்ரிப் நேரத்துத் தூறல்

“நோய் வருத்தம் ஏதும் வந்திருக்கும் தங்கச்சி. மீனுக்கும் வருத்தம் வரும்தானே.”

“வருத்தம் வந்தா ஒண்ணொண்ணா சாகும் சேர். இதுக நேத்து அந்தி வரைக்கும் துள்ளிக்கிட்டுத் திரிஞ்சதுக. விடிஞ்சு பாத்தா அம்புட்டும் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது.”

“தண்ணி மாத்தினனீங்களோ?”

“மாத்தல.”

“புதுத் தீனி?”

“அதே தீனிதான். நான் மீன் வளக்குறேன் சேர். மீனு சாகுறது எனக்குப் புதுசில்ல. ஆனா இப்புடி ஒரு சாவ நான் பாத்ததே இல்ல.”

ராஜலிங்கம் சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் குந்தி, ஒரு மீனை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டிக் குளிருக்குப் பழகி, இங்கேயே தங்கிவிட்டவர். செத்த மீனைப் பார்க்க வரவேண்டிய வேலை அவருக்கு இல்லை. ஆனால் போன வருடம் அக்குறணைப் பக்கமிருந்து அலவத்துகொட வரைக்கும் டெங்கு இறங்கி வந்தபோது, பிரேமிளாவின் தொட்டிகளிலிருந்துதான் வாளி வாளியாகக் கப்பி மீன் அள்ளிக்கொண்டு போய் ஊர்க் கிணறுகளில் விட்டார். கப்பி மீனுக்கு டெங்கைக் கொண்டுவரும் நுளம்பின் புழு என்றால் நமக்கு முறுக்கு மாதிரி. அந்த நன்றி அவருக்கு இருந்தது.

பிரேமிளா மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவள். பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்யும் சுரேஸைக் கட்டிக்கொண்டு, அலவத்துகொடைக்கு மேலே இந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வந்தாள். ஒரு பழைய பேசினில் ஆரம்பித்த மீன்கள் பெருகி, வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள் ஆகின. சிவப்பு வால், மஞ்சள் வால் எல்லாம் எல்லோரிடமும் உண்டு. பிரேமிளாவிடம் ஒரு நீலம் இருந்தது. தாய் பார்த்து, தகப்பன் பார்த்து, ஈத்துக்கு ஈத்து நல்லதை மட்டும் பிரித்துப் பிரித்து அவளே உண்டாக்கிய நீலம். கேஸ் அடுப்புச் சுடர் பதமாக எரியும்போது அடியில் தெரியுமே, அந்த நிறம். கண்டியில் வளர்ப்பு மீன் கடைக்காரர்கள் அதைக் கேட்டுப் போன் எடுப்பார்கள். சுரேஸ் அதற்கு ‘அலவத்துகொட நீலம்’ என்று பெயர் வைத்து, ஏதோ அரச மாணிக்கம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது அந்த நீலம் தொட்டிகளில் இல்லை. ஈனுகிற தறுவாயில் இருந்ததால் குசினிக்குள் கண்ணாடிப் பெட்டியில் தனியாக விட்டிருந்த சில தாய் மீன்களும், துணைக்கு விட்ட இரண்டு ஆண்களும் மட்டுமே மிச்சம். அவையும் போனால் அந்த நிறம் உலகத்திலேயே இல்லை என்று பிரேமிளாவுக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மீனுக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று சிரிப்பார்கள்.

ராஜலிங்கம் எழுந்தார். எழுந்தவரின் பார்வை மேலே போனது.

“அது என்ன குழாய்?”

மேல் வீட்டின் கல் மதில் தொட்டிகளுக்கு நேர் மேலே நின்றது. அதன் உச்சியில் ஒரு கறுப்புக் குழாய் ஓடியது. குழாய் நெடுகிலும் சின்னச் சின்னப் பித்தளை முனைகள். கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் குருவிகள் போல இருந்தன.

“அதுவா? நஸ்லியா வீட்டு அந்தூரியத்துக்குத் தண்ணி அடிக்கிற மிஷின் சேர். தானா அடிக்கும். விடியவும் அந்திக்கும் பனி மாதிரி எறங்கும். நான் வெளக்கு வைக்கப் போறப்ப மூஞ்சில படும், குளுகுளுன்னு இருக்கும்.”

“மூஞ்சியில படுமோ?”

அவர் ஒரு புளொக் கல்லை இழுத்துப் போட்டு ஏறி, பித்தளை முனை ஒன்றை விரலால் துடைத்து மோந்து பார்த்தார். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிரேமிளா புறங்கையால் தன் முகத்தைத் துடைத்தாள்.

“தங்கச்சி, இது தண்ணியில்லை. நுளம்பு மருந்து.”

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. மதிலில் மிஷின் பூட்டப் போகிறோம், கொஞ்சம் சத்தமாக இருக்கும் என்று நஸ்லியா சொன்னாள். மதிலோரம் அந்தூரியச் சட்டிகள் இருந்தன. மீதியைப் பிரேமிளா தானாக இட்டு நிரப்பிக்கொண்டாள்.

ராஜலிங்கம் பொறுமையாக விளக்கினார். ஒரு பீப்பாய் மருந்து, ஒரு மோட்டார், நேரம் வைத்த ஒரு மணிக்கூடு. வீட்டுக்காரர் மறந்தாலும் மிஷின் மறக்காது. நுளம்பைக் கொல்லும், தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் சேர்த்துக் கொல்லும், மீனுக்கு ஒரு சொட்டே போதும். இத்தனை நாள் காற்று வாசல் பக்கம் அள்ளிக்கொண்டு போனது, நேற்று நேராகத் தொட்டிக்குள் இறங்கியிருக்கும். கண்டி டவுனைச் சுற்றிப் பெரிய வீடுகளில் எல்லாம் இப்போது இதுதான். யார் பூட்டலாம், எங்கே பூட்டலாம் என்று கேட்க இதுவரை ஒரு சட்டமும் இருக்கவில்லை. முறைப்பாடுகள் கூடிக்கூடி, பிரதேச சபை இப்போதுதான் ஒரு விதி கொண்டுவருகிறது. அனுமதி எடுக்க வேண்டும், அயலவருக்குச் சொல்ல வேண்டும், கிணறும் தொட்டியும் உள்ள பக்கம் அடிக்கக்கூடாது.

“அடுத்த வாரம் வியாழக்கிழமை சபையில கூட்டம். ஏற்கெனவே பூட்டின ஆக்களுக்கு ஒவ்வொண்டா அனுமதி பாப்பினம். அயலுக்கு எதிர்ப்பு இருந்தால் கழட்டத்தான் வேணும்.”

“நான் வந்து என்ன சேர் சொல்றது?”

“நடந்ததைச் சொன்னால் காணும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி எதிர்ப்பில்லை எண்டு போகும். அனுமதி குடுபட்டால் பிறகு என்னாலயும் ஒண்டும் ஏலாது.” அவர் மேலே மதிலை இன்னொருமுறை பார்த்தார். “அதுக்கு முதல் ஒருக்கா அவையோட கதைச்சுப் பாருங்கோ. ஒரு மதிலுக்கு மேலயும் கீழயும் இருக்கிற சனம். நான் வாறன்.”

சாயங்காலம் சுரேஸ் வந்து முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து யோசித்தான்.

“இப்பதான் வெளங்குது. ராவெல்லாம் என்னைய மட்டும் நுளம்பு கடிக்குது, ஒன்னையத் திரும்பிக்கூட பாக்கலியேன்னு பாத்தேன். தெனம் மருந்துல குளிச்சிட்டுல்ல வந்து படுத்திருக்க.”

“சிரிப்பா இருக்கா ஒங்களுக்கு?”

“சிரிக்காம என்ன செய்ய? அழுதா மீனு வருமா?” என்றவன், கொஞ்சம் பொறுத்து, “சட்டம் ஒம் பக்கம் இருக்கு புள்ள. போய்ச் சொல்லிரு,” என்றான். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “ஆனா போன வருசம் டெங்குல கெடந்த நஸ்லியா மவ ரிப்காவையும் நெனச்சுப் பாரு,” என்றான். சுரேஸிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். தராசின் இரண்டு தட்டிலும் அவனே கல்லை வைப்பான்.

அடுத்த நாள் பிரேமிளா மேலே போனாள். பெருநாளைக்கு வட்டிலப்பம் வந்த கிண்ணம் கீழேதான் கிடந்தது. வெறும் கிண்ணம் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இரண்டு வீட்டுக்கும் இல்லை. முருங்கைக்கீரையை உருவி அதில் நிரப்பிக்கொண்டாள். சண்டைக்குப் போகிறவள் கீரை கொண்டு போவாளா என்று படியேறும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

நஸ்லியா பிளேன்டீயும் கருப்பட்டியும் வைத்தாள். மீன் செத்ததைக் கேட்டதும் முகம் வாடிப்போனாள்.

“மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நஸ்லியா.”

“சொன்னதானே அக்கா. மிஷின் பூட்டப் போறண்டு சொன்ன.”

“மிஷின்னுதான் சொன்னீங்க.”

“அல்லாஹ்வே, நுளம்பு மிஷின் இல்லாம வேற என்ன மிஷின்?” நஸ்லியா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எங்கட அவர் எவ்வளவு யோசிச்சு நேரம் வெச்ச தெரியுமா? விடிய சுபஹுக்கும் அந்திக்கி மஹ்ரிபுக்கும். கொம்பனிக்காரன் பகல்ல வைக்கச் சொன்ன. இவர்தான் இல்லண்ட. மஹ்ரிபு நேரம் ஒரு மனுசரும் வெளிய ஈக்க மாட்டாங்க, புள்ளைகள உள்ளுக்குக் கூப்பிட்டு கதவ சாத்திட்டு தொழுகிற நேரம், ஒருத்தர் மேலயும் படாதுண்டுதான் வெச்ச.”

“நான் இருப்பேனே.”

நஸ்லியா நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் வெளக்கு வைக்கிறது அந்த நேரந்தானே. வெளக்க வச்சிட்டு நேரா போயி தொட்டித் தகரத்தத் தொறப்பேன். பகல்ல தொறந்தா மீன்கொத்தி கொத்திட்டுப் போயிரும். அது கூட்டுக்குப் போன பொறகுதான் மீனுக்குக் காத்து.”

வெளியே எங்கோ ஒரு ஓட்டோ இரைந்துகொண்டு மேட்டில் ஏறியது.

இத்தனை வருடமாகப் பள்ளிவாசல் பாங்குதான் பிரேமிளாவுக்கு மணிக்கூடு. அந்திப் பாங்கு கேட்டதும் கையைக் கழுவி, திரியைத் தூண்டி, வாசல் மாடத்து விளக்கை ஏற்றுவாள். அதே பாங்குக்குத்தான் மேலே கதவுகள் சாத்தப்பட்டன. ஆகவே கீழே ஒரு விளக்கு எரிவதை நஸ்லியா ஒருநாளும் கண்டதில்லை. அவள் புருஷன் றவூப் நானாவும் கண்டதில்லை. ஒரே சத்தம் கேட்டு ஒருத்தி உள்ளே போக, ஒருத்தி வெளியே வந்திருக்கிறாள்.

“அப்ப ஒங்கட மேலயும் பட்டீக்கும்,” என்றாள் நஸ்லியா மெதுவாக. “ஏன் அக்கா ஒண்ணும் சொல்லாம நின்ட?”

“அந்தூரியத்துத் தண்ணின்னுல்ல நெனச்சேன்.”

நஸ்லியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்றைக்கே றவூப் நானா மிஷினின் நேரத்தை மாற்றினார். நடுப்பகலில் தொட்டிகள் மூடியிருக்கும்போது அடிக்கட்டும் என்றார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் பிரேமிளா நினைத்தாள்.

தொட்டிகளைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். புதுத் தண்ணீரில் உடனே மீன் விடக்கூடாது, சில நாள் சும்மா கிடந்து ஆற வேண்டும். நீலத்தை விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க, பக்கத்து ஊரில் ஒருவரிடமிருந்து இரண்டு சிவப்பு மீன் வாங்கி ஓரத் தொட்டியில் மட்டும் விட்டாள். அந்தி மழை பெய்தது. தகரத்தின் மேல் பகலெல்லாம் படிந்திருந்ததை மழை கழுவித் தொட்டிக்குள் இறக்கியது. காலையில் சிவப்பு மீன் இரண்டும் வயிற்றைக் காட்டின.

அவற்றைக் கையில் எடுத்தபோதுதான் அவள் மதிலை நன்றாகப் பார்த்தாள். மற்ற மூன்று பக்கத்திலும் பித்தளை முனைகள் தூரத் தூர இருந்தன. தன் பக்கம் மட்டும் நெருக்கி நெருக்கிப் பூட்டியிருந்தது.

நஸ்லியா மேலே உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நஸ்லியா, எங்க பக்கம் மட்டும் ஏன் இம்புட்டு நெருக்கமா பூட்டியிருக்கு?”

நஸ்லியா கையிலிருந்த சட்டையை உதறினாள். உதறிய சட்டையை இன்னொருமுறை உதறினாள்.

“ரிப்காட ஜன்னல் இந்தப் பக்கம்தானே அக்கா.”

“ஜன்னலு அந்த மூலையில இருக்கு.”

“தண்ணி ஈக்கிய இடமும் இதுதானே.” அவள் கீழே பார்க்கவில்லை. “புள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் எல்லாரும் கேட்ட, கிட்டத்தில எங்கயும் தண்ணி தேங்கி நிக்குதாண்டு. நான் ஒண்ணும் சொல்லல்ல. ஒங்கட பேர நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல அக்கா. எனக்கி வேற வழி தெரியல்ல.”

பிரேமிளா செத்த மீன் இரண்டையும் தொட்டி விளிம்பில் வைத்தாள். போன வருடம் ரிப்கா கண்டிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, மேல் வீட்டுக்குச் சோறு போனது இந்தக் குசினியிலிருந்துதான். பிள்ளைக்கு இரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்று நஸ்லியா போனில் அழுதபோது, மாடத்து விளக்கில் இரண்டு திரி போட்டு வேண்டிக்கொண்டாள். அந்த நாளெல்லாம் மேலே அவர்கள் மனதில் இந்தத் தொட்டிகள் இருந்திருக்கின்றன.

“மீனு இருக்கிற தண்ணியில நுளம்பு வராது நஸ்லியா,” என்று மட்டும் சொன்னாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்ற. என்ட மனசு கேக்கல்ல. அந்த மிஷின் அடிக்கிற சத்தம் கேட்டாத்தான் ராவைக்கி எனக்கி நித்திர வார.”

பேச்சு அதோடு நின்றது. பகலில் அடித்தும் மீன் சாகிறதென்றால் நேரத்தை மாற்றி என்ன பயன் என்று நினைத்தார்களோ என்னவோ, மிஷின் மறுபடியும் பழைய நேரத்துக்கே போனது. பிரேமிளா தொட்டிகளை மறுபடியும் கழுவி நிரப்பி, தகரத்தைத் திறக்காமல் விட்டாள். விளக்கை வைத்ததும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கண்ணாடிப் பெட்டியில் தாய் மீன்கள் ஈன்றன. கண்ணுக்கு வால் முளைத்தது போலச் சின்னச் சின்னக் குஞ்சுகள். பெட்டிக்குள் இடம் போதவில்லை. ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு சுற்றின.

வியாழக்கிழமைக்கு முந்திய நாள் அவள் தகரங்களைத் தூக்கிப் பார்த்தாள். ஆறப் போட்டிருந்த தண்ணீர் தெளிந்து கிடந்தது. தெளிவின் நடுவே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். கருப்பாய்ப் பொடிப் பொடியாக, யாரோ ஒரு பக்கம் நிறையக் காற்புள்ளி மட்டும் போட்டுவிட்டு எழுதாமல் போனது போல, நுளம்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

அவளுடைய தண்ணீரில், அவள் கண்ணால், முதன்முறையாக.

ஒரு நிமிடம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. மீனை அவர்கள் கொன்றார்கள், மீன் இல்லாத தண்ணீரில் புழு வந்தது, இப்போது நஸ்லியா பயந்தது உண்மையாகிவிட்டது. தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீர் சரிவில் ஓடி மறையும். நாளைக்கு எந்தக் கூட்டத்துக்கும் போகவேண்டாம். மதிலுக்கு மேலும் கீழும் பழையபடி கிண்ணம் போய் வரும். வெறும் சீமெந்துக் குழிகளைப் பார்த்துக்கொண்டு அவளும் இருந்து கொள்ளலாம்.

அல்லது நாளைக்குப் போய் நடந்ததைச் சொல்லலாம். மிஷினைக் கழற்றுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாய்க்கு இரவில் நித்திரை வராது. ஒரு நுளம்பு கடித்த தடிப்பைப் பிள்ளையின் கையில் கண்டாலும், கண் கீழே தொட்டிகளுக்குத்தான் வரும்.

கிண்ணமொன்றில் புழுவோடு தண்ணீரை மொண்டு குசினிக்குக் கொண்டுபோய், கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்த்தாள். நீல வால்கள் திரும்பின. ஒரு மூச்சு விடுவதற்குள் காற்புள்ளி ஒன்றும் மிச்சமில்லை. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை ரிப்கா பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். காய்ச்சலுக்கு முன் அந்தப் பிள்ளை தினமும் கீழே இறங்கி வந்து தொட்டியில் மூக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்து, மறுநாள் எது எதுவென்று மறந்து, வேறு பெயர் வைக்கும். இப்போது ஜன்னலுக்கு வலை அடித்திருந்தார்கள். வலைக்குப் பின்னால் முகம் மட்டும் தெரியும்.

அந்தி இறங்கியது. ஹுன்னஸ்கிரி மலைப் பக்கம் மேகம் ஒதுங்கி, வானம் ஒரு பழுத்த அன்னாசியின் நிறத்துக்கு வந்தது. மீன்கொத்தி எப்போதோ போய்விட்டது. சுரேஸ் வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். பிரேமிளா வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதைக் கண்டதும் நிமிர்ந்தான்.

“என்ன வாளி?”

“நீலம்.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“பைத்தியமா புள்ள? இன்னுங் கொஞ்சத்துல மிஷின் அடிக்கப் போவுது!”

“தெரியும்.”

அவள் தொட்டிகளின் தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மதிலில் சாய்த்து வைத்தாள். வாளியை விளிம்பில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வாளிக்குள் தாய்களும் ஆண்களும் குஞ்சுகளும் ஒரு சுடர் கலங்கினது போலச் சுழன்றன. சுரேஸ் அவளருகே வந்தான். ஈரக் காலோடு அப்படியே நின்றான்.

“நஸ்லியா!”

ஜன்னலில் முதலில் ரிப்காவின் முகம் வந்தது. “உம்மா, கீழ வீட்டு மாமி!” என்று உள்ளே கத்தியது. பிறகு நஸ்லியா வந்தாள். தொழுகைக்காக ஒளு எடுத்த ஈரம் முகத்தில் மினுங்கியது. தலையில் வெள்ளைத் துப்பட்டி. அவளுக்குப் பின்னால், குசினிக் கதவோரச் சுவரில், மிஷினின் சின்னச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அதன் சுவிட்ச் அவள் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“என்ன அக்கா இது, பாங்கு சொல்லப் போற நேரம். உள்ளுக்குப் போங்க, மேல பட்டுரும்.”

“இந்தத் தண்ணியப் பாருங்க. அங்கருந்து தெரியாட்டி ரிப்காவோட எறங்கி வந்து பாருங்க. நீங்க சொன்னது சரி, நுளம்புப் புழு வந்திருக்கு. என் தொட்டியிலதான் வந்திருக்கு.”

நஸ்லியாவின் கை பிள்ளையின் தோளுக்குப் போனது.

“மீனு செத்ததுக்குப் பொறகு வந்தது,” என்றாள் பிரேமிளா. குரலை உயர்த்தவில்லை. “என்கிட்ட மிச்சம் இருக்கிற மீனு இம்புட்டுத்தான். இத இப்ப உள்ள விட்டேன்னா விடியுறதுக்குள்ள ஒரு புழு இருக்காது. ரிப்கா ஜன்னல்லருந்தே பாக்கலாம். மருந்து பட்டுச்சுன்னா மீனும் இல்ல, நீலமும் இல்ல. நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல. அத விடுங்க.”

“மாமி, நீலம் ஈக்கிதா?” என்று கேட்டது ரிப்கா, வலையில் மூக்கைப் பதித்துக்கொண்டு. “எனக்கி தெரியுதில்ல.”

கீழே பள்ளத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, யாரோ தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. மதிலின் மேல் பித்தளை முனைகள் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. பிரேமிளா வாளியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

“நஸ்லியா, இன்னைக்கு ஒரு அந்திக்கு மட்டும் அந்த மிஷின நிப்பாட்டி வைங்களேன்.”